பெயர் கெட்ட நாளிதழ், பெயர் பெற்ற பரிசு

கேள்வி இது: “இதழியலில் உலகம் மதிக்கும் புலிட்சர் பரிசை ஏற்படுத்தியவரே மஞ்சள் பத்திரிகை நடத்தியவர் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அந்தப் பத்திரிகை என்ன ஆனது?”

உண்மைதான். அந்த நாளிதழின் பெயர் ‘நியூயார்க் வேர்ல்டு’. 1931 பிப்ரவரியில் அது நின்றுபோனது. இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். ஆனால் கேள்விக்குள் இருக்கும் வியப்பு என்னை விடவில்லை. பரபரப்பு ஒருவகை ஆட்களின் வேலை, பொதுநலன் வேறுவகை ஆட்களின் வேலை என்று நாம் பிரித்து வைத்திருப்பதால் வருகிற வியப்பு அது. வேர்ல்டு அலுவலகத்தில் இரண்டும் ஒரே மேசையில் நடந்தன. பல நாட்களில் ஒரே செய்தியிலேயே நடந்தன.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் ‘மஞ்சள் பத்திரிகை’ என்றால் மூத்தவர்களுக்கு 1940-களின் சென்னை நினைவுக்கு வரும். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிய ‘இந்துநேசன்’, அதன் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944-இல் கொலையுண்டது, தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போனது, எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லுக்கு நம்மிடம் ஓர் ஆபாச வாடையை ஏற்றிவிட்டன. நியூயார்க்கில் அது பிறந்தபோது அந்த வாடை இல்லை. கொட்டை எழுத்துத் தலைப்பு, பக்கம் நிறையப் படம், கொலை, தீ விபத்து, ஊழல், மிகைப்படுத்தல், சக பத்திரிகையுடன் குடுமிப்பிடி, இவ்வளவும் சேர்ந்ததுதான் அங்கே மஞ்சள்.

வேர்ல்டு 1860-இல் தொடங்கியது. முதல் இருபத்து மூன்று ஆண்டுகளில் கை மாறி மாறி, கடைசியில் ஜே கூல்டு என்ற ரயில்வே முதலாளியிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு அது ஒரு தலைவலி. விற்பனை பதினைந்தாயிரம் பிரதி அளவில் கிடந்தது, ஆண்டுதோறும் நஷ்டம். 1883 மே மாதம் 3,46,000 டாலருக்கு அதை ஜோசப் புலிட்சர் தலையில் கட்டினார். புலிட்சர் ஹங்கேரியின் மக்கோ என்ற ஊரில் பிறந்தவர். பதினேழு வயதில், சரியாக ஆங்கிலம் பேசத் தெரியாத நிலையில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆள் சேர்த்தவர்கள் மூலம் கப்பலேறி வந்தவர். போர் முடிந்து செயின்ட் லூயிஸ் நகரில் ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் நிருபராகி, அங்கேயே ‘போஸ்ட் டிஸ்பாட்ச்’ நாளிதழை நிலைநிறுத்தியவர். தன்னைப்போல வந்திறங்கியவர்கள் நியூயார்க்கில் எத்தனை பேர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கூல்டுக்கு அது தெரியவில்லை.

விலை இரண்டு சென்ட். மதிப்புமிக்க நாளிதழ்கள் அப்போது மூன்றும் நான்கும் வாங்கிக்கொண்டிருந்தன. வாக்கியங்கள் குட்டையாகின. படம் வந்தது. புலிட்சர் பொறுப்பேற்ற இரண்டு வாரத்திற்குள் புரூக்ளின் பாலம் திறக்கப்பட்டது. வேர்ல்டு முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்குப் பாலத்தின் படத்தைப் போட்டது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு தையல் தொழிலாளிக்கு அந்தப் படமே செய்தி. கூடவே ஆசிரியர் பக்கத்தில் பத்து அம்சக் கொள்கை அறிவிப்பு: ஆடம்பரப் பொருளுக்கு வரி, பெரிய வருமானத்துக்கு வரி, வாரிசுச் சொத்துக்கு வரி, ஏகபோகங்களுக்கு வரி, வாக்கை விலைக்கு வாங்குவோருக்குத் தண்டனை என்று அந்தப் பட்டியல் போனது. பெரிய வருமானத்துக்கு நிலையான வரி அமெரிக்காவில் வர அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஆயின.

அந்தக் கோடையில் வெப்ப அலை. காற்றோட்டமில்லாத அடுக்குக் குடியிருப்புகளில் ஏழைகளின் குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தன. வேர்ல்டு போட்ட தலைப்புகளில் ஒன்று, ‘குழந்தைகள் எப்படி வேகவைக்கப்படுகின்றன’. இன்னொன்று, ‘சின்னஞ்சிறு சவ வண்டிகளின் வரிசை’. நாகரிகமான ஆசிரியர் எவரும் இப்படித் தலைப்புப் போட மாட்டார். நாகரிகமான பத்திரிகைகள் அந்தக் குடியிருப்புகளின் மாடிப்படி ஏறவும் இல்லை. இந்தத் தலைப்பைப் படித்துவிட்டு, இது மலிவான பரபரப்பா, உண்மையான கோபமா என்று பிரித்துச் சொல்ல முடிகிறவர்கள் சொல்லட்டும். என்னால் முடியவில்லை.

ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனபோது விற்பனை ஒரு லட்சத்தைத் தொட்டது. புலிட்சர் நகர்மன்றப் பூங்காவில் நூறு பீரங்கிக் குண்டு வெடிக்கச் செய்து, ஊழியர் ஒவ்வொருவருக்கும் பட்டுத் தொப்பி வாங்கிக் கொடுத்தார். அடக்கம் அவர் குணமல்ல.

சுதந்திர தேவி சிலையின் கதையில் வேர்ல்டு எங்கே வருகிறது என்று பலருக்குத் தெரியாது. சிலையை பிரெஞ்சு மக்கள் செய்து கொடுத்தார்கள், பீடம் கட்டுவது அமெரிக்கர்கள் பொறுப்பு. பணம் ஒரு லட்சம் டாலர் குறைந்தது. அரசு தரவில்லை, பெரும் பணக்காரர்கள் கையை விரித்தார்கள். 1885 மார்ச்சில் வேர்ல்டு வாசகர்களிடமே கேட்டது. எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வரும் என்று வாக்களித்து, அப்படியே அச்சிட்டது. ஐந்து மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. தன் பெயரை அச்சில் பார்க்க எவருக்கும் ஆசை. பெயர் வந்தவர் பிரதி வாங்குவார், பெயர் வந்தவரின் அத்தை, மாமாவும் வாங்குவார்கள். கோயில் கும்பாபிஷேக மலரில் நன்கொடையாளர் பட்டியல் போடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. பீடம் எழுந்தது, விற்பனையும் எழுந்தது.

அடுத்து வேர்ல்டின் பெண் நிருபர் நெல்லி பிளை. 1887-இல், இருபத்து மூன்று வயதில், புத்தி பேதலித்தவர்போல நடித்து, மருத்துவர்களையும் நீதிபதியையும் ஏமாற்றி, பிளாக்வெல் தீவிலிருந்த பெண்கள் மனநல விடுதிக்குள் போனார். பத்து நாள் உள்ளே இருந்தார். கெட்டுப்போன உணவு, பனிக்கட்டி போன்ற தண்ணீரில் குளியல், அடிக்கும் தாதியர், ஆங்கிலம் தெரியாத ஒரே குற்றத்துக்காக அடைக்கப்பட்ட பெண்கள். வேர்ல்டின் வழக்கறிஞர் போய் அவரை மீட்டுவந்தார். கட்டுரைகள் வெளிவந்ததும் நீதி விசாரணை நடந்தது, அத்தகைய விடுதிகளுக்கு நகரம் ஒதுக்கும் பணமும் உயர்ந்தது. வேடம் போட்டு உள்ளே புகுவது அன்று ‘சாகச வித்தை’ என்று கேலி செய்யப்பட்டது. இன்று அதையே புலனாய்வு இதழியல் என்கிறோம்.

அதே நெல்லியை 1889 நவம்பரில் உலகம் சுற்ற அனுப்பினார்கள். ஜூல்ஸ் வெர்னின் கதாநாயகன் எண்பது நாளில் சுற்றினானே, அதை ஒரு பெண் தனியாக முறியடிக்க வேண்டும். ஒரே ஒரு கைப்பை. வழியில் பிரான்சில் வெர்னையே சந்தித்தார். கொழும்பில் அடுத்த கப்பலுக்காகச் சில நாள் காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் கண்டிவரை போய்ப் பார்த்துவந்தார். 72 நாளில் திரும்பினார். இதில் பொதுநலன் ஒரு துளி இல்லை. நெல்லி கடலில் இருந்த வாரங்களில் அவரிடமிருந்து செய்தி வராதே, வாசகரை எப்படிப் பிடித்துவைப்பது? எத்தனை நாள், மணி, நிமிடம், நொடியில் திரும்புவார் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். பத்திரிகையில் வரும் கூப்பனை வெட்டி அனுப்ப வேண்டும். ஏறக்குறைய பத்து லட்சம் கூப்பன்கள் வந்தன. கூப்பன் வெட்டச் சொல்லி வாசகரை வளைக்கும் கலைக்கு இதைவிடப் பழைய உதாரணங்கள் இருக்கலாம். இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

1890-இல் பார்க் ரோ தெருவில் தங்க நிறக் குவிமாடத்தோடு வேர்ல்டு கட்டடம் எழுந்தது. உயரம் 309 அடி. அதுவரை நகரத்தின் வானத்தை ஆண்டது டிரினிட்டி தேவாலயக் கோபுரம். அதைத் தாண்டிய நியூயார்க்கின் முதல் கட்டடம் ஒரு நாளிதழ் அலுவலகம். ஆனால் அதைக் கட்டியவரால் அதைப் பார்க்க முடியவில்லை. புலிட்சரின் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது, நரம்புத் தளர்ச்சியில் சிறு சத்தமும் தாங்காது. அந்த ஆண்டே நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, எஞ்சிய இருபத்தொரு ஆண்டும் ஒலி புகாத அறைகளிலும் உல்லாசப் படகிலும் இருந்தபடி, செயலாளர்கள் படித்துக் காட்டக் கேட்டு, சங்கேதச் சொற்கள் கொண்ட தந்திகளால் பத்திரிகையை நடத்தினார். சங்கேதப் பட்டியலில் அவருடைய பெயர் ‘ஆண்டிஸ்’. மலைத்தொடரின் பெயர்தான்.

1895-இல் எதிரி வந்தார். வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், கலிபோர்னியச் சுரங்கப் பணக்காரரின் மகன். புலிட்சரிடமிருந்தே தொழில் கற்றவர் என்று சொல்லலாம், ஏனென்றால் வேர்ல்டை வரிவரியாகப் படித்துத்தான் சான் பிரான்சிஸ்கோவில் தன் முதல் நாளிதழை நடத்தினார். நியூயார்க்கில் அவர் வாங்கிய ‘ஜர்னல்’, முன்பு புலிட்சரின் சொந்தத் தம்பி ஆல்பர்ட் தொடங்கியது. அண்ணன் தம்பிக்குள் அதனாலேயே மனக்கசப்பு. ஹெர்ஸ்ட் அலுவலகம் பிடித்ததும் எங்கே தெரியுமா? வேர்ல்டு கட்டடத்திலேயே வாடகைக்கு. அங்கிருந்தபடியே வேர்ல்டின் ஞாயிறு இதழ் ஆசிரியர் மோரில் காடர்டை அவருடைய குழுவோடு விலைபேசினார். புலிட்சர் தரப்பு கூடுதல் சம்பளம் கொடுத்து மீட்டது. ஒரே நாளில் ஹெர்ஸ்ட் அதற்கும் மேலே கொடுத்துத் திரும்ப இழுத்துக்கொண்டார். ஜர்னல் விலை ஒரு சென்ட் என்பதால் வேர்ல்டும் ஒரு சென்ட்டுக்கு இறங்கியது.

இந்த இழுபறியில் பிறந்ததுதான் ‘மஞ்சள்’. வேர்ல்டின் ஞாயிறு வண்ணப் பக்கத்தில் ரிச்சர்டு அவுட்கால்ட் என்ற ஓவியர் சேரிச் சந்து ஒன்றின் கூத்துகளை வரைந்துவந்தார். மொட்டைத் தலை, விடைத்த காது, கணுக்கால்வரை தொங்கும் அங்கி, முன்பல் தெரியச் சிரிப்பு என்று அதில் ஒரு பையன். 1896 தொடக்கத்தில் அந்த அங்கி மஞ்சளானது. ஊரே அவனை ‘மஞ்சள் பையன்’ என்றது. அந்த ஆண்டே ஹெர்ஸ்ட் அவுட்கால்ட்டையும் பறித்தார். புலிட்சர் விடவில்லை, ஜார்ஜ் லக்ஸ் என்ற வேறொரு ஓவியரை வைத்து அதே பையனை வரைய வைத்தார். ஆக, ஒரே நகரத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மஞ்சள் பையன்கள். ‘நியூயார்க் பிரஸ்’ என்ற போட்டி நாளிதழின் ஆசிரியர் எர்வின் வார்ட்மன் 1897-இல் இந்த இரண்டு பத்திரிகைகளின் போக்குக்கும் சேர்த்து ‘மஞ்சள் இதழியல்’ என்று பெயர் வைத்தார். வைத்தவரையும் அவர் பத்திரிகையையும் இன்று யாருக்கும் நினைவில்லை. பெயர் உலகமெல்லாம் ஓடிவிட்டது.

கியூபாவை ஆண்ட ஸ்பெயினோடு அமெரிக்கா மோதிய கியூபப் போர்க்காலம் வேர்ல்டின் மிக மோசமான காலம். 1898 பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து ஏறத்தாழ 260 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஜர்னல், எதிரியின் செயலே என்று தலைப்பில் அடித்துச் சொல்லி, குற்றவாளியைக் காட்டினால் 50,000 டாலர் பரிசு என்றது. அதே நாள் வேர்ல்டு தலைப்பு: ‘மெய்ன் வெடித்தது குண்டினாலா, டார்பீடோவாலா?’ அந்தக் கேள்விக்குறியைக் கவனியுங்கள். ஆதாரம் கையில் இல்லை, ஆனால் தெருவில் விற்க வேண்டும் என்கிற ஆசிரியனின் புகலிடம் அந்தக் குறி. நம் பெட்டிக்கடை போஸ்டர்களில் தொங்குகிற ‘பிரபலம் கைதா?’வுக்கு அதுவே பாட்டனார். கப்பலுக்குள்ளேயே நிலக்கரி அறையில் பிடித்த தீதான் காரணமாக இருக்கலாம் என்று 1976-இல் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு சொன்னது. வேர்ல்டின் கேள்வி அந்தச் சாத்தியத்துக்கு இடமே வைக்கவில்லை.

இந்தப் பத்திரிகைகள்தான் போரை மூட்டின என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது மிகை என்பது என் கருத்து. வாஷிங்டனில் முடிவெடுத்தவர்களுக்குத் தங்களுக்கான காரணங்கள் இருந்தன. இவை செய்தது, ஏற்கெனவே எரிகிற வீட்டில் விசிறி வீசியது.

போரின் நடுவே நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜர்னலின் போர்ச் செய்திகளை வேர்ல்டு திருடுகிறது என்று சந்தேகம். ‘ரெஃப்லிப் டபிள்யூ. தெனஸ்’ என்ற ஆஸ்திரிய பீரங்கிப் படைக் கர்னல் போரில் இறந்தார் என்று ஜர்னல் பொய்யாக ஒரு செய்தி போட்டது. மறுநாள் வேர்ல்டிலும் கர்னல் இறந்தார். பிறகுதான் ஜர்னல் புதிரை உடைத்தது: பெயரின் ஆங்கில எழுத்துகளைப் புரட்டிப் படித்தால் ‘நாங்கள் செய்தி திருடுகிறோம்’ என்று ஒலிக்கும். வாரக்கணக்கில் ஊரே சிரித்தது. ஹெர்ஸ்ட் பல தடவை வேர்ல்டை வென்றிருக்கிறார், இவ்வளவு சுத்தமாக வென்றது இந்த ஒரு முறைதான்.

ஏழைகளின் பத்திரிகை ஏழைகளிடம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு 1899 ஜூலை சாட்சி. தெருவில் பேப்பர் விற்ற சிறுவர்களுக்கு நூறு பிரதி ஐம்பது சென்ட்டுக்குக் கிடைத்துவந்தது. போர்க்காலத்தில் அறுபதாக்கினார்கள். போர் முடிந்து விற்பனை விழுந்த பிறகும் வேர்ல்டும் ஜர்னலும் விலையை இறக்கவில்லை. விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. பத்திரிகை முகவர்கள் ‘ரிட்டர்ன்’ என்பார்களே, அது இல்லை. ஆயிரக்கணக்கான சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்தில் வேர்ல்டின் விற்பனை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. அறுபது சென்ட் நின்றது, ஆனால் ரிட்டர்ன் கிடைத்தது. குழந்தைகள் வெந்து சாவதை எழுதிய பத்திரிகையைப் பத்து வயதுப் பையன்கள் பணியவைத்தார்கள்.

அதற்குப் பிறகு புலிட்சர் தன் பத்திரிகையை மஞ்சளிலிருந்து மெல்லப் பின்னிழுத்தார். வெட்கமா, வயதா, ஹெர்ஸ்டோடு அந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது என்ற கணக்கா? மூன்றும் கொஞ்சம் இருக்கலாம். பனாமாக் கால்வாய் வாங்கப்பட்டதில் பணம் யாருக்குப் போனது என்று 1908-இல் வேர்ல்டு கேட்க, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அரசாங்கத்தையே வைத்து அவதூறு வழக்குப் போட்டார். 1911 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பத்திரிகையின் பக்கம் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் புலிட்சர் தன் படகிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912-இல் இதழியல் பள்ளி திறந்தது, 1917 முதல் பரிசு வந்தது. பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று இதைச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘துல்லியம், துல்லியம், துல்லியம்’ என்று செய்தியறைச் சுவரில் ஒட்டிவைத்தவர் அவர். தன் நிருபர்கள் அதை மீறியதைப் பார்த்தவரும் அவரே. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

பெயர் கெட்டிருந்தபோது செழித்த வேர்ல்டு, நல்ல பெயர் வாங்கியபோது செத்தது. 1920-களில் ஹெர்பர்ட் பேயர்டு ஸ்வோப் அதன் ஆசிரியர். அவர்தான் தலையங்கப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் கருத்துக் கட்டுரைகளுக்கென்றே ஒதுக்கினார். நம் நாளிதழ்களின் நடுப்பக்கக் கட்டுரை அந்த வழியில் வந்தது. 1921 செப்டம்பரில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் உள்விவகாரங்களை 21 நாள் தொடராக வெளியிட்டு, மறு ஆண்டு பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. வால்டர் லிப்மன் தலையங்கம் எழுதினார், ஹேவுட் புரூன் பத்தி எழுதினார். எழுத்தாளர்கள் எல்லாரும் படித்தார்கள். அதுதான் சிக்கலே. தையல் தொழிலாளியின் பேத்தி, 1919-இல் வந்துவிட்ட ‘டெய்லி நியூஸ்’ என்ற கையடக்கப் படப் பத்திரிகைக்குப் போய்விட்டாள். முழு விவரம் வேண்டியவர் ‘நியூயார்க் டைம்ஸ்’ வாங்கினார். இடையில் நின்ற வேர்ல்டு, 1925-இல் விலையை மூன்று சென்ட்டாக ஏற்றி வாசகர்களை இழந்தது. திரும்ப இறக்கியபோது போனவர்கள் வரவில்லை.

வேர்ல்டை விற்கக் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார் புலிட்சர். மகன்கள் நீதிமன்றம் போனார்கள். நஷ்டம் மற்றச் சொத்தையும் விழுங்கிவிடும் என்று வாதிட்டார்கள். தாங்களே வாங்கி நடத்துகிறோம் என்று ஊழியர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். நீதிபதி விற்பனைக்கு அனுமதி கொடுத்தார். ஸ்கிரிப்ஸ் ஹோவர்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, தன் ‘டெலிகிராம்’ நாளிதழோடு இணைத்தது. 1931 பிப்ரவரி 27-இல் கடைசி இதழ். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் ஏறக்குறைய 2,800 பேர் தெருவுக்கு வந்தார்கள். தங்கக் குவிமாடக் கட்டடத்தை 1955-இல் இடித்தார்கள், புரூக்ளின் பாலத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்துவதற்காக. புலிட்சர் முதல் மாதத்தில் நான்கு பத்தியில் படம் போட்டாரே, அதே பாலம்.

மிச்சம் என்று கேட்டால், 1913 டிசம்பர் 21 ஞாயிறு இதழின் வேடிக்கைப் பக்கத்தில் ஆர்தர் வின் என்ற ஆசிரியர் இடம் நிரப்ப வைர வடிவில் ஒரு புதிர் போட்டார். உலகின் முதல் குறுக்கெழுத்துப் புதிர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் பேருந்தில் பேனாவோடு நிரப்புவது அதன் பேரப்பிள்ளையை.

பெயர் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ‘வேர்ல்டு டெலிகிராம்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தது. 1966-இல் நியூயார்க்கின் நொடித்துப்போன நாளிதழ்கள் சில ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றில் ஹெர்ஸ்டின் ஜர்னலிலிருந்து வந்ததும் ஒன்று. புதிய பத்திரிகையின் முகப்பில் ‘வேர்ல்டு ஜர்னல் டிரிபியூன்’ என்று போட்டார்கள். எழுபது ஆண்டுப் பகையாளிகள் ஒரே தலைப்புப் பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். எட்டு மாதம் வந்தது. 1967 மே மாதம் அதுவும் நின்றது.